பறவையின் அலகும் அதன் இரையும்: குமரி மாவட்டத்திலிருந்து ஓர் அறிமுகம்

பழையாறு கடலோடு சேரும் மணக்குடிப் பொழிமுகத்தில், தை, மாசி மாதங்களில் நீர் இறங்கும் நேரத்தில் வெளிப்படும் சேற்றுத் திட்டுகளில் பல வகைப் பறவைகள் ஒரே சமயத்தில் இரை தேடுவதைக் காணலாம். இத்தனை பறவைகள் நெருக்கமாக மேய்ந்தும், அவை ஒன்றையொன்று விரட்டுவது குறைவாகவே இருக்கிறது. ஒரே திட்டில் நின்றாலும் அவை தேடுவது ஒரே இரையை அன்று என்பதே இதற்குக் காரணம். ஒன்று சேற்றின் மேற்பரப்பில் ஊரும் பூச்சியைப் பொறுக்குகிறது. இன்னொன்று விரற்கடை ஆழத்தில் இருக்கும் புழுவை எடுக்கிறது. மற்றொன்று அரைச் சாண் ஆழத்து வளைக்குள் பதுங்கிய நண்டை இழுக்கிறது. எந்தப் பறவைக்கு எந்த இரை எட்டும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது அதன் அலகு. அலகின் நீளம், பருமன், வளைவு, நுனி ஆகியவற்றை நிதானமாகக் கவனித்தால் அந்தப் பறவையின் உணவைப் பற்றியும், அதை அது பெறும் முறையைப் பற்றியும் நிறையவே சொல்லிவிடலாம்.

இதைக் கற்றுக்கொள்ளக் கன்னியாகுமரி மாவட்டம் மிகவும் ஏற்ற இடம் என்பது என் உறுதியான எண்ணம். 1,700 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புக்குள், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு, ரப்பர்த் தோட்டம், தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகமும் நெல் விளையும் வயல்கள், குளங்கள், உப்பளம், பொழிமுகம், கடற்கரை என்று எல்லாமே அடுத்தடுத்து அமைந்துள்ளன. சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் ஈரநிலமும் 2022ஆம் ஆண்டில், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. காலையில் குளத்தையும் மாலையில் உப்பளத்தையும் பார்க்கும் ஒருவர், அலகுகளின் வேறுபாட்டை ஒரே நாளில் கண்ணால் கண்டுவிட முடியும்.

முதலில் அலகு எதனால் ஆனது என்று பார்ப்போம். மேல்தாடை, கீழ்த்தாடை ஆகியவற்றின் எலும்புகள் முன்னோக்கி நீண்டு அலகின் உள்ளமைப்பாகின்றன. அவற்றின் மேல் கெரட்டின் என்னும் கடினமான புரதத்தாலான உறை மூடியிருக்கிறது. நம் நகமும் முடியும் கெரட்டின் குடும்பத்துப் புரதத்தால் ஆனவையே. இந்த உறை தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே, தினமும் மரத்தையோ சிப்பியின் ஓட்டையோ கொத்தும் பறவைக்கும் அலகு குறைந்து போவதில்லை. இன்றைய பறவைகளுக்குப் பற்கள் இல்லை. பல் செய்யும் வேலையில் ஒரு பகுதியை, அதாவது பிடித்தல், உரித்தல், கிழித்தல் ஆகியவற்றை அலகு செய்கிறது; அரைக்கும் வேலை வயிற்றிலுள்ள அரைவைப்பையிடம் போய்விடுகிறது. அலகு உணர்ச்சியற்ற கொம்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பல பறவைகளின் அலகு நுனியில், எலும்பிலுள்ள நுண்குழிகளுக்குள், அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் அடர்ந்திருக்கின்றன. பொழிமுகத்துப் பறவைகளைப் புரிந்துகொள்வதற்கு இதுவே திறவுகோல்.

மணக்குடிச் சேற்றில் குட்டையான அலகு உடையவை உப்புக்கொத்திகள். பெரிய கண்களும் சிறிய அலகும் கொண்ட இவை, சில அடி தூரம் விரைந்து ஓடி, சட்டென்று நின்று, மேற்பரப்பில் அசையும் எதையாவது கண்டால் குனிந்து கொத்தும். இவற்றுக்கு வேட்டைக்கருவி முதலில் கண், பிறகுதான் அலகு. அருகிலேயே கொசு உள்ளான்கள் தலை நிமிராமல் நடந்துகொண்டு, தையல் இயந்திரத்தின் ஊசி ஏறி இறங்குவதுபோல் அலகைச் சேற்றில் குத்திக்கொண்டே போகும். அவற்றின் அலகு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆகவே மேலடுக்கிலுள்ள சிறு புழுக்களும் பூச்சிகளின் இளம்பருவங்களுமே அவற்றுக்குரிய இரை. கருவால் மூக்கனின் அலகு நேராகவும் நீளமாகவும் இருப்பதால், அது நீருக்குள் இறங்கி நின்று, சில நேரம் முகம் முழுவதையும் அமிழ்த்தி, ஆழத்திலிருந்து இரையை எடுக்கிறது. எல்லாவற்றிலும் நீண்டது குதிரைமலைக் கோட்டான் என்னும் கரைப்பறவையின் அலகு. கீழ்நோக்கி வில்லாக வளைந்த இது 15 சென்டிமீட்டர் அளவுக்கும் வளரும். பெட்டையின் அலகு ஆணின் அலகைவிட நீளமானது. நண்டின் வளை நேராக இறங்குவதில்லை. வளைந்த அலகை வளைக்குள் விட்டு, தலையைத் திருப்பும்போது, நேரான அலகால் தொட முடியாத மூலைகளையும் அது துழாவிவிடுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சேற்றுக்குள் புதைந்த அலகை எப்படித் திறப்பது? சேறு இருபுறமும் அழுத்தும்போது அலகை முழுமையாக விரித்தல் கடினம். நீண்ட அலகுடைய உள்ளான் இனங்கள் பலவற்றில், மேல் அலகின் நுனிப்பகுதி மட்டும் தனியாக மேல்நோக்கி வளையக்கூடிய அமைப்பு உண்டு. அடிப்பகுதி மூடியே இருக்க, நுனி மட்டும் திறந்து புழுவைக் கவ்விக்கொள்ளும். இரை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் வியப்புக்குரியது. ரெட் நாட் என்னும் உள்ளான் வகையைக் கொண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஈர மணலில் அலகைச் செலுத்தும்போது மணற்றுகள்களுக்கு இடையிலுள்ள நீரில் ஏற்படும் அழுத்த மாற்றத்தை வைத்து, அலகு நேரடியாகத் தொடாத சிப்பியையும் அந்தப் பறவை உணர்கிறது என்று காட்டியது. மணல் உலர்ந்திருந்தால் இந்தத் திறன் பயன்படவில்லை. நீர் இறங்கியதும் ஈரம் மாறாத விளிம்பைத் தொடர்ந்தே உள்ளான் கூட்டங்கள் நகர்வதை நாம் கரையிலிருந்து பார்க்கும்போது, இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சேற்றிலிருந்து குளத்துக்கு வருவோம். தேரூர் குளத்திலும் அதைச் சுற்றிய வயல்களிலும் காணப்படும் நத்தைகுத்தி நாரையின் அலகு, முதன்முறை பார்ப்பவருக்கு ஊனமுற்றதாகவே தோன்றும். மேல் அலகும் கீழ் அலகும் அடியிலும் நுனியிலும் பொருந்தினாலும், நடுவில் இடைவெளி விட்டிருக்கும். பக்கவாட்டில் நின்று நோக்கினால் அந்த இடைவெளியின் ஊடாக வானம் தெரியும். குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. பாக்குவெட்டியில் பாக்கை வைத்து நசுக்குவதுபோல், நத்தையை இந்த இடைவெளியில் வைத்து ஓட்டை நொறுக்கும் என்று முற்காலத்தில் கருதினார்கள். ஆனால், நாரை தின்றுவிட்டுப் போன இடத்தில் கிடக்கும் நத்தை ஓடுகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை உடையாமல் முழுதாகவே இருக்கும். நாரை மேல் அலகால் நத்தையை மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூர்மையான கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாயை மூடியிருக்கும் மூடிக்கு அடியில் செலுத்தி, உடலை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, சதையை உருவி எடுக்கிறது. கீழ் அலகின் நுனி பல பறவைகளில் சற்று வலப்புறம் திரும்பியிருக்கும். நம் குளத்து நத்தைகளின் ஓடு வலஞ்சுழியாக இருப்பதோடு இது பொருந்துகிறது. இந்த வேலையின் பெரும்பகுதி நீருக்கடியில் நடப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தலை நீருக்குள் சில நொடிகள் அசைந்து, பின் நிமிர்ந்து, எதையோ விழுங்குவது மட்டுமே தெரியும்.

அதே குளத்தில் நிற்கும் மஞ்சள் மூக்கு நாரை வேறு வழியில் உண்கிறது. அதன் அலகு நீண்டு தடித்து, நுனியில் சிறிது கீழ்நோக்கி வளைந்திருக்கும். கலங்கிய நீரில் அலகைப் பாதி திறந்தபடி அமிழ்த்தி, தலையை இப்புறமும் அப்புறமும் அசைத்துக்கொண்டே மெல்ல நடக்கும்; காலால் சேற்றைக் கிளறுவதும் உண்டு. அலகின் உட்புறத்தில் மீன் உரசிய கணமே அலகு மூடிக்கொள்ளும். இதன் நெருங்கிய உறவான அமெரிக்க மர நாரையில் இந்த எதிர்வினைக்கு ஆகும் நேரத்தை அளந்தபோது, அது சுமார் 25 மில்லி வினாடி என்று தெரியவந்தது. கண்ணால் பார்த்துப் பிடிக்கும் கொக்குக்குத் தெளிந்த நீர் வேண்டும். தொட்டுப் பிடிக்கும் இந்த நாரைக்கு நீர் கலங்கியிருந்தாலும் குறையில்லை. கரண்டிவாயனும் இதே போன்று தலையை வீசி வீசி நடப்பதுதான். அதன் அலகு நுனியில் தட்டையாக அகன்றிருப்பதால் ஒவ்வொரு வீச்சிலும் கூடுதலான நீரைத் துழாவ முடிகிறது.

கூழைக்கடாவின் கீழ் அலகில் தொங்கும் தோற்பையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: அது மீன்களைச் சேமித்துவைக்கும் பை என்பார்கள். கூழைக்கடா மீன் கூட்டத்தின் மீது அலகைத் திறந்து அமிழ்த்தும்போது, கீழ்த்தாடையின் மெல்லிய எலும்புகள் இருபுறமும் வளைந்து விரிய, பை நீரோடும் மீனோடும் நிரம்புகிறது. பிறகு அலகை மார்போடு சாய்த்து நீரை வடியவிட்டு, மீனை மட்டும் விழுங்கிவிடுகிறது. அது பிடிக்கும் கருவியே அன்றிச் சேமிப்பறை அன்று.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஒரே கட்டைமேல் இறகுகளை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும்போது, அலகின் நுனியை ஒப்பிட்டுப் பாருங்கள். நீர்க்காகத்தின் அலகு நுனி கொக்கியாக வளைந்திருக்கும். அது மீனைத் துரத்திக் கவ்விப் பிடிக்கும் பறவை. பாம்புத்தாராவின் அலகோ நேரானது, நுனி கூரானது. நீருக்குள் பதுங்கிச் சென்று, மடித்து வைத்திருந்த கழுத்தை ஒரே வீச்சில் நீட்டி மீனைக் குத்திவிடும். குத்திய மீனை மேலே கொண்டுவந்து, உதறி விடுவித்து, தலைப்பக்கமாக விழுங்கும். இரண்டும் மூழ்கி மீன் பிடிப்பவைதாம். ஆயினும் முறை வேறாகும்போது நுனியும் வேறாகிறது.

புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களின் பக்கம் சில ஆண்டுகளில் பூநாரைகள் வந்து இறங்குவதுண்டு. உப்பு மிகுந்த நீரில் மீன் அரிது. ஆனால் கண்ணுக்கு எளிதில் தெரியாத பாசிகளும் சிறிய உப்புநீர் இறால்களும் அங்கே பெருகும். அவற்றை ஒவ்வொன்றாகக் கொத்தி வயிறு நிரப்ப முடியாது. பூநாரையின் அலகு நடுவில் மடிந்து கீழ்நோக்கித் திரும்பியிருப்பதன் காரணம், அது தலையைக் கவிழ்த்து உண்ணும்போது விளங்கும்: மேல் அலகு கீழாகவும் கீழ் அலகு மேலாகவும் வர, அலகின் முன்பகுதி நீர்மட்டத்துக்கு இணையாக அமைந்துவிடும். தடித்த நாக்கு வினாடிக்குப் பலமுறை முன்னும் பின்னும் இயங்கி நீரை உள்ளிழுத்து வெளியேற்ற, அலகின் ஓரங்களிலுள்ள நுண்ணிய தகடுகள் உணவை மட்டும் தடுத்து நிறுத்துகின்றன.

இனி நிலத்துப் பறவைகள். இவற்றுள் தானியம் உண்பவற்றை விளக்க அதிகச் சொற்கள் தேவையில்லை. கதிர் முற்றிய வயல்களில் இறங்கும் சில்லைகளின் அலகு குட்டையாக, அடியில் பருத்துக் கூம்பாக இருக்கும். குட்டையான அலகில் தாடைத் தசையின் விசை சிதறாமல் விதைக்குப் போய்ச் சேரும். நெல்லை நாக்கால் உருட்டி, அலகின் ஓரத்தால் உமியைப் பிளந்து நீக்கிவிட்டே அவை விழுங்கும். கிளியின் அலகும் குட்டையானதே, ஆனால் அதன் மேல் அலகு மண்டையோட்டுடன் அசையும் மூட்டாக இணைந்திருப்பதால், மேல் அலகையும் உயர்த்தித் திறக்க முடிகிறது. கொட்டையை உடைக்கவும், கிளையைக் கவ்வி ஏறவும் அதே அலகுதான்.

தேன்சிட்டுகளைப் பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டு முற்றத்து வாழையில் பூ விரிந்தாலே போதும். நீள அலகுத் தேன்சிட்டின் மெலிந்து வளைந்த அலகு, மடல் விலகிய வாழைப்பூவின் உள்ளே தேன் ஊறும் இடம்வரை செல்கிறது. நாக்கோ குழலாகச் சுருண்டு, நுனியில் பிளவுபட்டிருக்கும். எனினும் அலகு எட்டாத பூக்களும் உண்டு. அப்போது சிட்டு, செம்பருத்தி போன்ற பூவின் அடிப்பக்கத்தைக் கூரிய அலகால் துளைத்து, மகரந்தத்தைத் தொடாமலே தேனை எடுத்துக்கொண்டு போய்விடும். குஞ்சுகளுக்கு அது தேனை நம்பியிருப்பதில்லை; புரதம் வேண்டி, சிலந்திகளையும் சிறு பூச்சிகளையும் அதே அலகால் பொறுக்கி ஊட்டுகிறது.

தென்னந்தோப்பில் தட்டும் ஓசை கேட்டால் அது பெரும்பாலும் பொன்முதுகு மரங்கொத்தியாக இருக்கும். நேரான, கனத்த அலகால் அது பட்டையைப் பெயர்க்கிறது. மூக்கின் துளையை மூடிய சிற்றிறகுகள் மரத்தூளைத் தடுக்கின்றன. அதற்கு மேல் நாக்கின் வேலை. நாக்கைத் தாங்கும் எலும்புகள் மண்டையோட்டைப் பின்புறமாகச் சுற்றி நெற்றிவரை வந்திருப்பதால், நாக்கை அலகைத் தாண்டி வெகுதூரம் நீட்ட முடிகிறது. நுனியிலுள்ள முட்கள் புழுவைக் குத்தி இழுக்கின்றன. மரங்கொத்தியின் மண்டையோடு அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்ளும் என்று பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டிருப்போம். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2022இல் வெளியான ஆய்வு இதை மறுத்தது. அதிவேக ஒளிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, அலகும் மண்டையும் ஒரே விறைப்பான சுத்தியலாக இயங்குவது தெரிந்தது. அதிர்ச்சியை உறிஞ்சிவிட்டால் கொத்தின் விசையும் வீணாகும் அல்லவா? மூளை சிறியதாக இருப்பதே அதைக் காக்கிறது.

காற்றில் பறக்கும் பூச்சியைப் பிடிப்பவற்றில் இரு எல்லைகளைக் காணலாம். பஞ்சுருட்டானுக்கு நீண்டு வளைந்த மெல்லிய அலகு. கொட்டும் தேனீயை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து, கிளையில் அடித்துத் தேய்த்து, கொடுக்கை நீக்கியபின் விழுங்குகிறது. பக்கிக்கோ அலகு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, வாய் மட்டும் காதுவரை பிளந்திருக்கும். இருளில் வாயைத் திறந்தபடி பறந்தே அது பூச்சிகளை வாரிக்கொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் இருவாச்சி, பேரலகின் நுனியால் ஒரு சிறு அத்திப்பழத்தை நசுங்காமல் பறிக்கும். நாக்கு குட்டையானதால், பழத்தை மேலே எறிந்து தொண்டையில் ஏந்திக்கொள்ளும். பருந்துகளின் கொக்கி அலகு கொல்வதற்கானது என்பார்கள். அவை கொல்வது பெரும்பாலும் கால் நகங்களால், அலகு கிழித்து உண்பதற்கு.

இவ்வளவு பொருத்தம் எப்படி வந்தது? நாரை நத்தையை நோண்டி நோண்டியதால் அதன் அலகு அப்படி ஆயிற்று என்றும், தேன்சிட்டு எட்டி எட்டிப் பார்த்ததால் அலகு நீண்டது என்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு பறவை தன் வாழ்நாளில் செய்யும் முயற்சி அதன் குஞ்சின் அலகை மாற்றுவதில்லை. ஓர் இனத்துக்குள்ளேயே அலகுகள் சிறிது வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குச் செல்கிறது. கிடைக்கும் உணவுக்கு ஏற்ற அலகு உடையவை அதிகமாகப் பிழைத்து அதிகமாகக் குஞ்சு பொரிக்கின்றன. தலைமுறைகள் கழியும்போது இனத்தின் சராசரி அலகு நகர்கிறது. இதுவே இயற்கைத் தேர்வு.

இதைக் கண்ணெதிரே அளந்து காட்டியவர்கள் உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர். டார்வின் 1835இல் சென்ற கலாபகஸ் தீவுகளில், டாப்னே மேஜர் என்னும் சிறு தீவில், 1973 முதல் அவர்கள் குருவிகளைப் பிடித்து, அளந்து, வளையம் அணிவித்து விட்டார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறிய, மெல்லிய விதைகள் விரைவில் தீர்ந்தன. எஞ்சியவற்றில் முக்கியமானது ஒரு நெருஞ்சி இனத்தின் முள்காய். நம் கடற்கரை மணலில் காலில் குத்தும் நெருஞ்சியின் நெருங்கிய உறவு அது. அதன் காயை ஒருமுறை கல்லால் தட்டிப் பார்த்தவருக்கு, விதையை எடுப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். நடுத்தர நிலக்குருவி என்னும் இனத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அந்த வறட்சியில் மறைந்தன. பிழைத்தவற்றின் அலகு, முன்பிருந்தவற்றின் சராசரியைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் பருமனாக இருந்தது. அவற்றின் குஞ்சுகளும் பருத்த அலகோடு பிறந்தன. 1982–83இல் பெருமழை பெய்து சிறு விதைகள் மலிந்தபின், தேர்வு எதிர்த்திசையில் திரும்பியது. சிறிய அலகு உடையவை மேலோங்கின. மேலும் மேலும் சிறந்த அலகை நோக்கி ஏறும் படிக்கட்டு எதுவும் இங்கே இல்லை. அந்தந்தக் காலத்து உணவு எதுவோ அதற்குப் பொருந்துவது நிற்கிறது.

ஆகவே மிகவும் பொருந்திய அலகு, பறவையைக் குறிப்பிட்ட உணவோடும் குறிப்பிட்ட நீர் ஆழத்தோடும் கட்டிப்போடுவதும் ஆகும். சேறும் ஈரமும் உள்ள விளிம்பு இருந்தால்தான் கொசு உள்ளானுக்கு இரை. முழங்கால் ஆழ நீர் இருந்தால்தான் மஞ்சள் மூக்கு நாரைக்கு. ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை முழுவதும் மூடிய குளத்தில் கூழைக்கடா அலகை அமிழ்த்த இடமில்லை. கரையை நேர்குத்தாகக் கட்டி, குளத்தை ஒரே ஆழமாகத் தோண்டிவிட்டால், நீர் மிகுதியாகவே இருக்கும். ஆனால் நடந்து மேயும் பறவைகள் அத்தனைக்கும் கால் ஊன்ற இடம் போய்விடும். குளத்தைத் தூர்வாரும்போது ஒரு பக்கமாவது சரிவான விளிம்பை விட்டுவைக்க வேண்டும் என்று பறவை ஆர்வலர்கள் கேட்பது இதனால்தான். காகத்தின் நிலை வேறு. அதன் அலகு எதற்கும் மிகச் சிறந்ததன்று. அதே சமயம் நடுத்தர நீளமும் ஓரளவு பருமனும் கொண்ட அந்த அலகால் பழத்தையும் மீன்கழிவையும் நெல்லையும் முட்டையையும் ஒன்றுபோல் உண்ண முடிகிறது. ஒரு வயலில் நத்தைகள் இல்லாமல் போனால் நத்தைகுத்தி நாரை அந்த வயலை விட்டுப் போயாக வேண்டும். காகம் அதே வரப்பில் வெட்டுக்கிளியைத் தேடத் தொடங்கும்.